எச்சில் படாத வெள்ளி

பிப்ரவரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் துறை ஆய்வகத்தின் ஜன்னல் மேடையில் தேன் நிறக் குப்பிகள் வரிசைகட்டிவிடும். வேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, முருங்கை, நொச்சி; ஒரு பையன் கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்திலிருந்து எருக்கிலையே பறித்துக்கொண்டு வந்தான். எல்லாருக்கும் செய்முறை ஒன்றுதான். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டும். நிறமில்லாத தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். இலைச்சாறு கொடுக்கும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு வெள்ளி அயனிகள் உலோகமாகின்றன, 100 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) சிறிய உருண்டைகளாகச் சேர்கின்றன. அந்த உருண்டைகள் நீல வெளிச்சத்தை விழுங்கிக்கொள்வதால் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. முதன்முறை பார்க்கிற பிள்ளைகள் செல்போனில் படமெடுத்துத் தள்ளுவார்கள். எனக்கும் இன்றுவரை அது அலுக்கவில்லை.

அலுத்தது அதற்கப்புறம் நடப்பது. கேண்டிடா பூஞ்சையை அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் பூசி, நடுவில் துளைபோட்டு, அந்தத் தேன் நிறத் திரவத்தை ஊற்றி இன்குபேட்டரில் வைப்பார்கள். மறுநாள் துளையைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டம் ஒன்று தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து, பட்டை வரைபடம் போட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம்: ஆகவே இந்த வெள்ளி நானோ துகள்கள் பூஞ்சையின் பயோஃபிலிமை, அதாவது பரப்பில் ஒட்டிப் பிசினால் மூடிக்கொண்ட பூஞ்சைப் படலத்தை, ஒழிக்க வல்லவை. வைவாவில் எக்ஸ்டர்னல் தலையாட்டுவார், பிள்ளைக்கு நல்ல மார்க் விழும். வட்டம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தட்டில் பயோஃபிலிம் என்று ஒன்று இருக்கவே இல்லையே? அப்போதுதான் பூசிய, இன்னும் எதிலும் ஒட்டி வீடு கட்டாத தனித்தனி செல்கள்தானே இருந்தன? ஊருக்கு வெளியே பொட்டலில் நிற்கிறவனை அடித்துவிட்டுக் கோட்டையைப் பிடித்ததாக எழுதுகிறோம் என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பிக்கொண்டிருந்தேன். வெறும் புலம்பலாகவே அது நின்றிருக்கும், ராயபுரத்தில் என் பெரியம்மாவின் வாய் புண்ணாகாமல் இருந்திருந்தால்.

பெரியம்மாவின் பல்செட்

பெரியம்மாவுக்கு மேல்தாடையில் முழுப் பல்செட். ராத்திரியிலும் கழற்ற மாட்டாள். "பல்லு இல்லாத மூஞ்சோட தண்ணி புடிக்கப் போனா தெருவே கெழவின்னும்" என்பது அவளுடைய கட்சி. எழுபது தாண்டிய பிறகும் கட்சி மாறவில்லை. காசிமேட்டுச் சங்கராவைப் புளியும் மிளகாயுமாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு. அவள் ஒருநாள் தயிர்சாதம் போதும் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. பிராட்வே பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பல்செட்டைக் கழற்றியதும் அண்ணம் முழுக்கச் சிவப்பு. பல்செட் எங்கே முடிகிறதோ அங்கே சிவப்பும் முடிந்திருந்தது, பென்சிலால் ஓரம் வரைந்த மாதிரி. அந்தச் சின்ன வயது டாக்டரம்மா பல்செட்டின் உட்புறத்தைக் கரண்டி மாதிரியான ஒரு கருவியால் வழித்துக் காட்டினாள். தயிராடை போல ஒரு வெண்ணிறப் பிசின் அதில் வந்தது.

வாயில் தடவக் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுத்தார்கள். ஆறியது. மருந்து தீர்ந்ததும் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி ஆறல், மறுபடி சிவப்பு. இந்தச் சுற்றில் களைத்துப்போன பெரியம்மா மகன், என் அண்ணன், ஆன்லைனில் ஒரு பாட்டிலை வரவழைத்தான். நானோ சில்வர் கரைசல். பல்செட்டை ராத்திரி ஊறப்போடலாம், வாய் கொப்பளிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. பாட்டிலின் நிறம் எங்கள் ஜன்னல் மேடையின் நிறமேதான். "நீ இந்த ஃபீல்டுதானே, சொல்லு, நம்பலாமா?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நான் கையெழுத்துப்போட்ட புராஜெக்ட் புத்தகங்கள் எல்லாம் நம்பலாம் என்றே சொல்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது பல்செட்டும் வாயும் உண்டா என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பதில் எழுத வரவில்லை.

பெரியம்மா தயங்கவில்லை. வெள்ளி என்றாலே நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. பிள்ளைக்குப் பால் புகட்டுவது வெள்ளிப் பாலாடையில், முதல் கொலுசு வெள்ளி, இடுப்பில் அரைஞாண் வெள்ளி. "வெள்ளித் தண்ணி கெடுதல் பண்ணுமா?" என்று அவளே தீர்ப்புச் சொல்லி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அபூர்வமாக அன்று ராத்திரி பல்செட்டைக் கழற்றி ஊறப்போட்டாள். குடிக்க மட்டும் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். வெள்ளிக் கரைசலைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச்சாம்பலாகி, பிறகு நிறம் திரும்பாமலே போன கதைகள் மருத்துவத்தில் நிறைய உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-இலேயே, கடையில் விற்கிற இத்தகைய கரைசல்கள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று சொல்லிவிட்டது. பாட்டில் பாதி காலியான பிறகும் அண்ணம் சிவப்பாகவே இருந்தது. "இன்னாம்மா, அத்தினி படிச்சிட்டு இதுக்கு ஒரு வழி சொல்லத் தெரியலியா ஒனக்கு?" என்றாள் பெரியம்மா, கோபமே இல்லாமல்.

அந்தப் பிசினுக்குள்

அவள் பல்செட்டில் இருந்தது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ். நம்மில் பலருடைய வாயிலும் சும்மா குடியிருக்கிற பூஞ்சைதான், ஆரோக்கியமான வாயில் அதனால் தொல்லை இல்லை. அக்ரிலிக் பல்செட்டின் உட்புறம் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுண்ணோக்கியில் குழியும் கீறலுமாக இருக்கும். உருண்டை வடிவ ஈஸ்ட் செல்கள் ஓரிரு மணி நேரத்தில் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வடிவம் மாறி இழைகளாக நீளும், இழைமேல் இழையாகப் பின்னும். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை தானே சுரக்கும் சர்க்கரைப் பிசின் முழுவதையும் மூடிவிடும். புரதமும் டிஎன்ஏ துணுக்குகளும்கூட அந்தப் பிசினில் உண்டு. அதிலிருக்கும் குளூக்கான் என்ற சர்க்கரை, உள்ளே வரும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. தப்பி உள்ளே போகும் மருந்தை செல்களின் பம்புகள் வெளியே தள்ளுகின்றன. அடித்தளத்தில் சில செல்கள் எதுவும் செய்யாமல் தூங்கிக் கிடக்கும், வளர்கிற செல்லைக் குறிவைக்கும் மருந்து அவற்றைத் தொடுவதே இல்லை. தனித்து மிதக்கும் கேண்டிடாவைத் தடுக்கும் ஃப்ளூகோனசோல் அளவைப்போல 1000 மடங்கு கொடுத்தும் பயோஃபிலிம் அசையாத பரிசோதனைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலின் மிக ஆபத்தான பிரிவில் இருக்கும் நான்கில் இரண்டு கேண்டிடா இனங்கள்: அல்பிகன்ஸ் ஒன்று, 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட ஆரிஸ் இன்னொன்று. மருத்துவமனைக் குழாய்களில் இவை படலம் கட்டினால் வாய்ப்புண்ணோடு விஷயம் நிற்காது, ரத்தத்துக்குப் போகும்.

உலோக நானோ துகள்மேல் விஞ்ஞானிகளுக்கு ஆசை வந்ததில் அதனால் நியாயம் இருக்கிறது. ஃப்ளூகோனசோல் ஒரே ஒரு நொதியைப் பூட்டுகிற சாவி, பூஞ்சை அந்தப் பூட்டை மாற்றிக்கொண்டால் கதை முடிந்தது. வெள்ளி அப்படி ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதிலிருந்து கசியும் அயனிகள் கந்தகம் உள்ள புரதங்களைப் பிடிக்கும், செல் சவ்வைக் கிழிக்கும், தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும். ஒரே நேரத்தில் இத்தனைக்கும் தப்பிக்கப் பூஞ்சைக்குச் சிரமம். சிறிதாக்குவதில் இருக்கும் கணக்கும் கவர்ச்சியானது. ஒரு சென்டிமீட்டர் கனச்சதுர வெள்ளி பத்தரை கிராம் இருக்கும், அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனச்சதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல். அயனி கசிவது மேற்பரப்பிலிருந்துதான். துத்தநாக ஆக்ஸைடு, காப்பர் ஆக்ஸைடு, தங்கம் எல்லாவற்றையும் இதே ஆசையில்தான் முயல்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை புதிதில்லை. தண்ணீரிலிருக்கும் பூச்சிக்கொல்லியை நானோ வெள்ளி கொண்டு பிரிக்கும் வேலையை ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப் குழு செய்து, அது வீட்டு ஃபில்டருக்குள் போனது. 2009 டிசம்பரில் வந்த டாடா ஸ்வச்சில் அரிசி உமிச் சாம்பலோடு நானோ வெள்ளி இருந்தது. எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் அது நின்றதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஃபில்டரில் வெள்ளி வேலை செய்கிறது. அங்கே கிருமி தனியாக மிதந்து வருகிறது, வெள்ளியோடு ஒட்டிக்கொள்ள வேறு சரக்கு அதிகமில்லை. பாட்டில்காரர்கள் சொல்லாமல் விடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

"வாயில எச்சில் இருக்குமே, மேம்?"

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி. வகுப்பில் அதிகம் பேச மாட்டாள், ஆனால் செய்முறைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதிவைத்திருப்பாள். அவளுடைய தலைப்பும் வழக்கமான தலைப்புதான்: துளசி, வெள்ளி, கேண்டிடா, பல்செட். நான் அகார் துளையை விட்டுவிட்டு 96 குழித் தட்டில் படலம் வளர்த்துச் செய் என்றேன். அந்தக் குழிகளில் படலம் கட்டவைத்து, மிதப்பதைக் கழுவி ஊற்றி, கிரிஸ்டல் வயலெட் சாயம் போட்டு, எவ்வளவு ஊதா ஒட்டுகிறதென்று ரீடர் என்ற நிறமளக்கும் கருவியில் அளப்பது முறை. (அந்தச் சாயம் வேறு யாருமில்லை, அந்தக் காலத்தில் குழந்தைகள் வாயில் வெள்ளை படிந்தால் பஞ்சில் தொட்டுத் தடவிய ஜென்ஷியன் வயலெட்தான். வாயெல்லாம் ஊதாவாகத் திரிந்த பிள்ளைகள் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் நிறைய. புற்றுநோய் சந்தேகத்தால் கனடா 2019-இல் அதற்கு எச்சரிக்கை விட்டது.) அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, போகிற போக்கில் கேட்டாள்: "பல்செட்டுன்னு தலைப்பு வச்சிருக்கோம். வாயில எச்சில் இருக்குமே, மேம்? குழியில எச்சில் வேண்டாமா?"

எச்சில் பட்டால் தட்டு கெட்டுவிடும் என்று மாஸ்க் போட்டு வேலை செய்கிற இடம் அது. அங்கே எச்சிலை அளந்து ஊற்ற வேண்டும் என்கிறாள். செய் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வேடிக்கை. காலையில் பல் விளக்கி, ஒன்றும் சாப்பிடாமல் வந்து குழாயில் துப்பித் தர வேண்டும் என்று ஹாஸ்டல் பெண்களிடம் கேட்டால் யார் வருவார்கள்? ஐஸ் பெட்டியோடு மாடிப்படியில் நின்றாள். "ஏய், நாஷ்டாவுக்கு முன்னாடி துப்பிட்டுப் போங்கடி" என்று அவள் கத்தியது எதிர் பிளாக் வரை கேட்டது. சேர்ந்த எச்சிலைச் சுழலவைத்துக் கசடு நீக்கி, வடிகட்டி எடுத்தாள். மின்ட் தெருப் பக்கம் பல்செட் செய்கிற ஒரு லேபில் போய் அக்ரிலிக் துண்டுகளையும் கேட்டு வாங்கி வந்தாள். எச்சிலில் ஊறிய துண்டு, ஊறாத துண்டு. பூஞ்சை ஒட்டி இரண்டு மணி நேரமே ஆனது, இரண்டு நாள் ஊறி முதிர்ந்தது. வெள்ளியோடு எச்சில், வெள்ளி மட்டும். வெள்ளியே இல்லாமல் ஒன்று. குழிகளைப் பிரித்துக்கொண்டாள்.

தட்டைக் கழுவிச் சாயமேற்றிய அன்று நான் பக்கத்திலேயே இருந்தேன். எச்சில் இல்லாமல், அப்போதுதான் ஒட்டிய செல்கள்மீது வெள்ளி விழுந்த வரிசையில் ஊதா ஏறக்குறைய இல்லை. எல்லா புராஜெக்ட் புத்தகமும் சொல்கிற வெற்றி அதுதான். அடுத்த வரிசை இரண்டு நாள் படலம், அதில் ஊதா கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவே. எச்சிலும் முதிர்ந்த படலமும் சேர்ந்த வரிசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளியே ஊற்றாத வரிசைக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிரிஸ்டல் வயலெட் உயிருள்ளதையும் செத்ததையும் பிசினையும் ஒன்றுபோலச் சாயமேற்றும். ஊதா இருப்பதால் பூஞ்சை உயிரோடிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால் இன்னொரு தட்டில் படலத்தைச் சுரண்டி எடுத்து, நீர்த்து, அகாரில் பரப்பி எத்தனை முளைக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எச்சில் இல்லாத முதிர்ந்த படலத்தில், ஊதா பெரிதாக மெலியாவிட்டாலும், கணிசமான செல்கள் செத்துத்தான் இருந்தன. எச்சில் சேர்ந்த இடத்தில் சாவு குறைவு. நானே சொல்லாமல் அவள் ஒரு படி மேலே போனாள். செத்த படலத்தை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளியைக் கழுவி ஊற்றி, அதன்மேல் புதுப் பூஞ்சையை விட்டுப் பார்த்தாள். வெறும் அக்ரிலிக்கில் ஒட்டுவதைவிடத் தாராளமாக ஒட்டியது. முன்பு இருந்தவர்கள் செத்தாலும் அவர்கள் கட்டிய சுவரும் திண்ணையும் அப்படியே கிடக்கின்றன. வருகிறவன் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

பெரியம்மாவின் அண்ணம் ஏன் ஆறி ஆறிச் சிவக்கிறது என்பது எனக்கு அந்த மேஜையில்தான் விளங்கியது. மருந்து அண்ணத்தில் தடவப்பட்டது, அண்ணம் ஆறியது. பல்செட்டின் உட்புறத்தில் பழைய கட்டடம் அப்படியே இருந்தது. வெள்ளித் தண்ணீர் அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் சிலரைக் கொன்றிருக்கலாம், கட்டடத்தை இடிக்கவில்லை. காலையில் அதையே மறுபடி எடுத்து வாயில் மாட்டிக்கொண்டாள்.

எச்சில் அப்படி என்ன செய்கிறது என்று கேட்டால், வெள்ளிக்கு வேலை வைத்துவிடுகிறது. எச்சிலில் இருக்கும் மியூசின் என்ற வழவழப்புப் புரதமும் மற்ற புரதங்களும் துகளைச் சுற்றி ஒரு போர்வையாக ஒட்டுகின்றன. எச்சிலின் உப்புகளில் இருக்கும் குளோரைடும் தயோசயனேட்டும் கசிந்து வரும் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மாணவி தனியாக ஒரு குழாயில் உப்புத் தண்ணீரை மட்டும் சேர்த்துப் பார்த்தாள். தேன் நிறம் மங்கிச் சாம்பலாகி அடியில் தங்கியது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டால் நானோ என்ற பெருமை போய்விடும், இரண்டரை கிரவுண்டு சுருங்கிவிடும். படலத்தின் பிசினும் துகள்களைத் தன் பங்குக்கு வழியில் நிறுத்துகிறது. தட்டில் கொன்ற அளவு வாயில் போதாது என்பதற்கு இவ்வளவு காரணங்கள் இருக்கும்போது, தட்டின் எண்ணைப் பாட்டில்மேல் அச்சடிப்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். அச்சடிக்கிறவர்களுக்கு அந்த எண்ணைத் தயாரித்துக் கொடுப்பது எங்களைப் போன்ற துறைகள்தான் என்பதும் உண்மை.

காசிமேட்டுப் பெயின்ட்

மீன் வாங்கக் காசிமேடு போனபோது, கரையேற்றிய ஒரு ஃபைபர் படகின் அடிப்புறத்தை என் சித்தப்பா உறவுக்காரர் ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார். சிப்பியும் பாசியுமாகச் செதில் செதிலாக விழுந்தது. பக்கத்தில் செங்காவி நிறத்தில் பெயின்ட் டப்பா. அதில் இருப்பது குப்ரஸ் ஆக்ஸைடு, செம்பின் ஒரு சேர்மம். கடல் தண்ணீரில் மெல்ல மெல்லச் செம்பு அயனியைக் கசியவிட்டு எதையும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். பழைய யோசனைதான். 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. "ஏன் சித்தப்பா, இவ்ளோ கஷ்டப்பட்டு சொரண்டணுமா? மேலயே அடிச்சா பெயின்ட்டு அதக் கொன்னுடாதா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் படித்தவர்களைப் பற்றிய ஒரு கருத்து இருந்தது. "செத்தா மட்டும் உழுந்துடுமா? ஒட்டிக்கினேதான் இருக்கும். நீ அடிச்ச பெயின்ட்டையும் சேர்த்து உரிச்சிக்கினு ஒருநாள் வரும். அப்பால மொதல்ல இருந்து சொரண்டு."

எனக்கு வேண்டியது அதுவேதான். உலோகத்தின் இடம் சுத்தமான பரப்பு, ஒட்ட வருகிறவன் வருவதற்கு முன்னால். ஏற்கெனவே குடியேறிவிட்டவனை வெளியேற்றும் வேலையை அதனிடம் கொடுப்பதுதான் தப்புக் கணக்கு. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிரேசில், போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒட்டி 2 மணி நேரமான கேண்டிடா செல்கள்மீது வெள்ளித் துகள் செய்த வேலையை 48 மணி நேரப் படலத்தின்மீது பெரும்பாலும் செய்ய முடியவில்லை. ரத்தத்தில் கேண்டிடா ஏறிய நோயாளிக்கு மருத்துவர்கள் மருந்து கொடுப்பதோடு நிற்பதில்லை, முடிந்தவரை ரத்தக்குழாயில் செருகிய மருந்துக் குழாயையே உருவி எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் பாஷையில் அதுதான் சுரண்டல்.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் வெள்ளி முலாம் பூசிவிட வேண்டியதுதானே? அங்கேயும் கால் இடறுகிறது. பிரிட்டனில் சிறுநீர்க் குழாய்களைவைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை செய்து 2012-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். சாதாரணக் குழாய் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கும், வெள்ளி உலோகக்கலவை பூசிய குழாய் போட்டவர்களில் 12.5 சதவீதம் பேருக்கும் சிறுநீர்த் தொற்று வந்தது. அது நானோ துகளில்லை, அங்கே எதிரி பெரும்பாலும் பாக்டீரியா, குழாயும் கொஞ்ச நாளைக்குத்தான். இருந்தாலும் அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு, பூச்சு என்றதும் கைதட்ட எனக்கு வரவில்லை. பரப்பில் உலோகம் இருப்பது மட்டும் போதாது. அது எவ்வளவு வேகமாகக் கசிகிறது, அதன்மேல் புரதம் படிந்த பிறகும் கசிகிறதா, எத்தனை நாளில் தீர்ந்துபோகும் என்பதெல்லாம் தனித்தனி வழக்குகள். தீர்ந்த வெள்ளி எங்கே போகிறது என்பது இன்னொன்று. சாக்கடைக்குப் போனால் அங்கே கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகி அதன் விஷம் பெரிதும் தணிந்துவிடும் என்பது ஓரளவு ஆறுதலான செய்தி. எண்ணூர் முகத்துவாரம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மற்றக் கழிவுகளோடு ஒப்பிட்டால் வெள்ளி ஒரு பொருட்டே இல்லைதான்.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன வழியில் நானோவே இல்லை. அவளுக்குப் பெருத்த ஏமாற்றம். டாக்டரம்மாவும் முதல் நாளே சொன்னதுதான்: சாப்பிட்டதும் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் சோப்பு போட்டு உட்புறத்தைத் தேய்க்க வேண்டும், பேஸ்ட் கூடாது, அது அக்ரிலிக்கைக் கீறி ஒட்டுவதற்கு இடம் செய்துகொடுக்கும். டாக்டர் சொன்ன அளவில் நீர்த்த பிளீச் தண்ணீரில் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்து நன்றாக அலச வேண்டும். கம்பி உள்ள பல்செட்டுக்கு இது ஆகாது. வெந்நீர் ஆகாது, கோணிவிடும். ராத்திரி கழற்றிவிட வேண்டும். கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். பிறகு பேரன் கேட்டதற்காக, வாசற்கதவைத் தாழ்போட்ட பிறகு கழற்றுவதாக உடன்பட்டாள். அண்ணத்தின் சிவப்பு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. உறவினர் யாராவது வந்து தங்குகிற வாரங்களில் திரும்ப எட்டிப்பார்க்கிறது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மாணவி தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாக்கியத்தை எழுதவில்லை. துகள்களை அக்ரிலிக் மாவிலேயே கலந்து பல்செட் வார்த்தால் என்ன என்று கேட்டு முடித்திருந்தாள். அதை வெளிநாட்டு ஆய்வகங்கள் பலகாலமாக முயல்கின்றன. வெள்ளி கலந்தால் ஈறு நிறத்து அக்ரிலிக் பழுப்பேறும், அதிகம் கலந்தால் பல்செட் பலம் குறைந்து உடையும் என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பல்செட்டைப் பெரியம்மா வாயில் வைப்பாளா என்பது எந்த ஆய்வாளரும் அளக்காத அளவு. இந்த வருடம் ஒரு பையன் துத்தநாக ஆக்ஸைடு எடுத்திருக்கிறான். அது வெள்ளைத் தூள், நிறத்தைக் கெடுக்காது என்பது அவன் வாதம்.

தலைப்புத் தாள்கள் மேஜைக்கு வந்தபோது, பயோஃபிலிம் என்று போட்டிருந்த ஒவ்வொன்றின் ஓரத்திலும் எச்சிலோடு, இரண்டு நாள் முதிர்ந்த படலத்தில், சுரண்டி எண்ணவும் என்று எழுதிவிட்டேன். துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். "இப்படியெல்லாம் கேட்டா பசங்களுக்கு ரிசல்ட்டே வராதே, மேடம்" என்றார்.

"வரலன்னு எழுதட்டும் சார்."

கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எக்ஸ்டர்னல் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க. அப்புறம், எச்சில் வைக்க எங்க ஃபிரிட்ஜை மட்டும் கேக்காதீங்க, அதுல எல்லாரோட சாப்பாடும் இருக்கு."